பெர்லின் சுவருக்கு அடியில் நிற்காமல் ஓடிய ரயில்கள்

பெர்லின் நகரம் சுவரால் பிரிக்கப்பட்டிருந்த 28 ஆண்டுகளில், மேற்கு பெர்லினின் சுரங்க ரயில்கள் கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஓடியது உண்மைதானா, உண்மையென்றால் வழியிலிருந்த நிலையங்கள் என்ன ஆயின, தன் குடிமக்களை வெளியேற விடாமல் சுவர் எழுப்பிய ஓர் அரசு எதிர்த் தரப்பின் ரயிலைத் தன் தலைநகரின் நடுவே ஓட விட்டது ஏன் என்பவை கேள்விகள். உண்மைதான். 1961 ஆகஸ்டு 13 முதல் யு-பான் எனப்படும் சுரங்க ரயிலின் இரண்டு தடங்களும், எஸ்-பான் எனப்படும் நகர, புறநகர ரயிலின் ஒரு சுரங்கமும் கிழக்கின் மண்ணுக்கு அடியில் மேற்கின் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றின் மீது இருந்த நிலத்தடி நிலையங்களில் யு-பானைச் சேர்ந்த 11, எஸ்-பானைச் சேர்ந்த 4, ஆக 15 நிலையங்கள் மூடப்பட்டன. ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெ என்ற ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் ரயில்கள் நின்றன. ஜெர்மானியர்கள் இந்த நிலையங்களைப் பேய் நிலையங்கள் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்பவர்கள் இவை கைவிடப்பட்டு இடிபாடாகக் கிடந்ததாக எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் இவை ஒவ்வொரு நாளும் காவல் காக்கப்பட்ட, ஒவ்வொரு சில நிமிடங்களுக்கும் ஒரு ரயில் கடந்துபோன இடங்கள். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

முதலில் நகரத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் பெர்லின் நான்கு நாடுகளின் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது, நகரத்தின் பழைய மையமான மிட்டெ வட்டாரம் சோவியத் பகுதிக்குள், அதாவது பின்னாளில் கிழக்கு பெர்லின் ஆன பகுதிக்குள், வந்தது. அந்த வட்டாரம் மேற்கு பெர்லினுக்குள் மூக்கு நீட்டியதுபோல அமைந்திருந்தது. அதற்கு வடக்கே பிரெஞ்சுப் பகுதியைச் சேர்ந்த வெட்டிங், தெற்கே அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த குரோய்ட்ஸ்பெர்க். வடக்கிலிருந்து தெற்கே போகிற எந்த நேரான பாதையும் இந்த மூக்கைக் கடந்தே ஆக வேண்டும். இன்று யு6 எனப்படும் தடத்தின் முதல் பகுதி 1923இலும், யு8 எனப்படும் தடம் 1927க்கும் 1930க்கும் இடையிலும் திறக்கப்பட்டன. எஸ்-பானின் வடக்கு-தெற்குச் சுரங்கத்தின் முதல் பகுதி 1936 ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சற்று முன்பும், மீதி 1939இலும் திறக்கப்பட்டன. இவற்றைக் கட்டியவர்கள் ஒரே நகரத்துக்காகக் கட்டினார்கள். நகரம் பிளவுபடும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்க முடியாது.

1961 ஆகஸ்டு வரை, கெடுபிடிகள் கூடிக்கொண்டே போனாலும், ஒரு பெர்லின்வாசி கிழக்கில் ரயில் ஏறி மேற்கில் இறங்க முடிந்தது. கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேற விரும்பிய லட்சக்கணக்கானோருக்கு அதுவே மிக எளிய வழியாகவும் இருந்தது. ஆகவே ஆகஸ்டு 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தெருக்களில் முள்வேலி போடப்பட்டபோது, ரயில் வலையமைப்பும் அதே இரவில் வெட்டப்பட்டது. ஆனால் எல்லாத் தடங்களும் ஒரே விதமாக வெட்டப்படவில்லை. கிழக்கு மேற்காக ஓடிய தடங்கள் எல்லையிலேயே துண்டிக்கப்பட்டு, இரு பக்கமும் தனித்தனித் தடங்களாக ஓடின. இன்றைய யு2 அப்படித் துண்டானதுதான். மேற்கில் தொடங்கிக் கிழக்கைக் கடந்து மீண்டும் மேற்கிலேயே முடிந்த மூன்று வடக்கு-தெற்குத் தடங்கள் மட்டும் தொடர்ந்து ஓடின. இடையிலிருந்த நிலையங்களின் வாசல்கள் அடைக்கப்பட்டன.

மேற்கு பெர்லின்காரர் ஒருவர் யு8இல் தெற்கிலிருந்து வடக்கே போனால் என்ன கண்டிருப்பார் என்பதைச் சொன்னால் நிலைமை தெளிவாகும். மோரிட்ஸ் பிளாட்ஸ் நிலையம் மேற்கின் கடைசி நிலையம். அதைத் தாண்டினால் அடுத்து வண்டி நிற்பது வடக்கே வோல்டா ஸ்ட்ராசெயில்தான். இடையில் ஹைன்ரிக் ஹைனெ ஸ்ட்ராசெ, யானோவிட்ஸ்புருக்கெ, அலெக்சாண்டர் பிளாட்ஸ், வைன்மைஸ்டர் ஸ்ட்ராசெ, ரோசன்தாலர் பிளாட்ஸ், பெர்னாவர் ஸ்ட்ராசெ என ஆறு நிலையங்கள். அவற்றை ரயில் வேகம் குறைத்துக் கடக்கும். மங்கிய விளக்கொளியில் தூசு படிந்த நடைமேடை தெரியும். சுவரில் 1961இல் ஒட்டிய விளம்பரங்கள் கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். தூணின் மறைவிலோ, செங்கல் வைத்து அடைத்துக் கண்ணளவு இடுக்கு மட்டும் விடப்பட்ட பழைய நிலைய அதிகாரியின் அறைக்குள்ளோ ஆயுதம் ஏந்திய காவலர்கள் நிற்பார்கள். எல்லைக்கு முந்தைய நிலையங்களில், இதுவே மேற்கு பெர்லினின் கடைசி நிலையம் என்று அறிவிப்பு ஒலிக்கும். வண்டி பழுதாகிச் சுரங்கத்தில் நின்றுவிட்டால், கிழக்கின் எல்லைக் காவலர்கள் வந்து அழைத்துச் செல்லும் வரை பயணிகள் காத்திருக்க வேண்டும். மேற்கின் ரயில் வரைபடத்தில் இந்த நிலையங்கள் இடம்பெற்றன, ரயில்கள் நிற்காத நிலையங்கள் என்ற குறிப்புடன். வேலைக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் இதையே பார்த்துப் பழகி, பிறகு செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே கடந்துபோனார்கள்.

கிழக்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே இந்த நிலையங்கள் இருந்த சுவடே அழிக்கப்பட்டது. படிக்கட்டுகள் மூடப்பட்டன, பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன, கிழக்கின் வரைபடங்களில் அந்தத் தடங்கள் காட்டப்படவே இல்லை. 1961க்குப் பின் பிறந்த ஒரு கிழக்கு பெர்லின் குழந்தை, தான் பள்ளிக்கு நடந்துபோகிற தெருவுக்கு அடியில் ஒரு நிலையம் இருப்பதை யாராவது பெரியவர் சொன்னாலொழிய அறிய வழியில்லை. நடைபாதையிலுள்ள காற்றோட்டக் கம்பிவலை வழியே ரயிலின் உறுமல் மட்டும் மேலே வரும். அலெக்சாண்டர் பிளாட்ஸிலும் ஷ்டாட்மிட்டெயிலும் இது இன்னும் நெருக்கமாக இருந்தது. அந்த இரண்டு நிலையங்களிலும் கிழக்கின் தடங்களுக்கான நடைமேடைகள் வழக்கம்போல இயங்கின. அதே நிலையத்தின் மற்றொரு நடைமேடைக்குப் போகும் வழி மட்டும் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கிழக்கின் பயணி தன் வண்டிக்காகக் காத்திருக்க, அந்தப் பக்கம் மேற்கின் வண்டி கடந்துபோகும். யு6 தடத்திலிருந்த ஒரு நிலையம் மூடிக் கிடந்தபோதே பெயர் மாறிய கதையும் உண்டு. அருகிலிருந்த விளையாட்டரங்கம் 1973இல் வால்டர் உல்பிரிக்ட் என்ற தலைவரின் பெயரை இழந்தபோது, யாரும் ஏறவோ இறங்கவோ முடியாத அந்த நிலையமும் சேர்ந்தே பெயரை இழந்தது.

இனி, ஏன் ஓட விட்டார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இரு தரப்புக்கும் தேவை இருந்தது என்பதே பதில். இந்தத் தடங்கள் இல்லையென்றால் மேற்கு பெர்லினின் வடக்கும் தெற்கும் ரயிலால் துண்டிக்கப்படும். இந்த ஆபத்தை மேற்கு முன்பே உணர்ந்திருந்தது. கிழக்கைத் தொடாமல் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் யு9 தடத்தை அது 1955 முதலே கட்டிவந்தது. சுவர் எழுந்த இரண்டே வாரத்தில், ஆகஸ்டு 28 அன்று, அது திறக்கப்பட்டது. ஆனால் ஒரு புதிய தடம் மூன்று பழைய தடங்களின் சுமையைத் தாங்கிவிட முடியாது. கிழக்குக்கோ அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. தன் மண்ணுக்கு அடியில் மேற்கின் ரயில்கள் ஓடுவதற்காக அது ஆண்டுதோறும் மேற்கு ஜெர்மன் மார்க்கில் கட்டணம் பெற்றது. சுரங்கத்தை அடைத்திருந்தால் கிழக்குக்குக் கிடைத்திருப்பது இருட்டான ஒரு குழி மட்டுமே. திறந்து வைத்ததால் வருமானம் வந்தது.

எஸ்-பானின் நிலை இதைவிடச் சிக்கலானது. போருக்குப் பிந்தைய ஏற்பாட்டின்படி, மேற்கு பெர்லினுக்குள் ஓடிய எஸ்-பானையும் கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேதான் நடத்தியது. மேற்கில் டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரும் கிழக்குக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதால், சுவர் எழுந்தவுடனே ஒரு பெரும் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. எஸ்-பானில் பயணிப்பவர் முள்வேலிக்குப் பணம் கட்டுகிறார் என்ற முழக்கம் தெருவெங்கும் கேட்டது. பயணிகள் குறைந்து, வண்டிகள் காலியாக ஓடி, 1980இல் மேற்கிலிருந்த ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின் பல தடங்கள் நின்றே போயின. இறுதியில் 1984 ஜனவரி 9 அன்று மேற்கு பெர்லினின் போக்குவரத்து நிறுவனம் தன் பகுதியிலிருந்த எஸ்-பானை ஏற்றுக்கொண்டது. கொள்கைக்காக மக்கள் ஒரு ரயிலைப் புறக்கணித்தபோது, அதே மக்கள் அதே எல்லையைக் கடந்த யு6ஐயும் யு8ஐயும் புறக்கணிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யு-பானின் டிக்கெட் பணம் மேற்கின் நிறுவனத்துக்குப் போனது. கிழக்குக்குச் சென்ற ஆண்டுக் கட்டணம் பயணியின் கண்ணில் படவில்லை.

நிலையங்களில் நின்ற காவலர்கள் யாரைக் காத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலிலிருந்து மேற்கின் பயணி குதித்து இறங்கி விடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை. தங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சுரங்கத்துக்குள் இறங்கி, தண்டவாளம் வழியே நடந்தோ வண்டியை நிறுத்தி ஏறியோ மேற்கே போய்விடக் கூடாது என்பதே அச்சம். அந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. கிழக்கின் யு5 தடத்தையும் மேற்கின் யு8 தடத்தையும் இணைத்த ஒரு பணிச் சுரங்கம் ஸ்பிரே ஆற்றுக்கு அடியில் இருந்தது. 1980இல் கிழக்கின் போக்குவரத்து நிறுவன ஊழியர் ஒருவர், அந்த வழியைத் தொழில்முறையில் அறிந்தவர், தன் குடும்பத்துடன் அதனூடே போய் யு8 ரயில் ஒன்றை நிறுத்தி ஏறி மேற்கை அடைந்தார். காவலர்களையும் அரசு முழுமையாக நம்பவில்லை. எல்லைப் பணியில் எப்போதும் இருவராகவே அனுப்பப்பட்டார்கள், ஒருவர் மற்றவரையும் கண்காணிக்கும்படி. இருட்டு நடைமேடையில், கைக்கெட்டும் தூரத்தில் மேற்கின் ரயில் மெதுவாக நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு பணிநேரம் முழுவதும் நின்ற அந்த இளைஞர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெ நிலையத்தை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூடுவதைவிடக் கட்டுப்படுத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அங்கேதான் தெரிகிறது. இந்த நிலையம் முழுக்க முழுக்கக் கிழக்கு பெர்லினுக்குள் இருந்தது. ஆயினும் நிலத்தடியில் யு6 தடமும் எஸ்-பானின் வடக்கு-தெற்குத் தடமும் நின்றன. மேலே பாலத்தின் மீது மேற்கிலிருந்து வரும் எஸ்-பானும் தொலைதூர ரயில்களும் வந்து நின்றன. அதே மேல்தளத்தில், ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால், கிழக்கின் எஸ்-பானுக்கு வேறொரு நடைமேடை இருந்தது. மேற்கின் பயணி இங்கே இறங்கி, ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குப் படிக்கட்டுகளும் நடைகூடங்களும் வழியே போய் மாறலாம். அவர் நிற்பது கிழக்கின் மண், ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. காவல் சாவடியைத் தாண்டி வெளியேறினால்தான் கிழக்கு பெர்லினுக்குள் நுழைந்தவராகக் கணக்கு. நடைமேடைகளிலேயே இன்டர்ஷாப் என்ற அரசுக் கடைகள் இருந்தன. வரியில்லாத மதுவும் சிகரெட்டும் அங்கே மேற்கின் பணத்துக்கு விற்கப்பட்டன. அதற்காகவே ரயில் ஏறி வந்து, வாங்கி, அடுத்த ரயிலில் திரும்பிய மேற்கு பெர்லின்காரர்கள் ஏராளம். வெளியே, கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும் பயணிகளைச் சோதிப்பதற்காக 1962இல் கண்ணாடியும் எஃகுமாக ஒரு கூடம் கட்டப்பட்டது. உறவினர்கள் அழுது பிரிந்த இடம் என்பதால் மக்கள் அதைக் கண்ணீர் மாளிகை என்று அழைத்தார்கள். அந்தக் கூடம் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலையத்தோடு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. அது தமிழில் எழுதப்பட வேண்டிய அளவுக்கு எழுதப்படவில்லை என்று கருதுகிறேன். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களில் கணிசமானோர் கிழக்கு பெர்லினை ஒட்டியிருந்த ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்குக் கடந்துபோகும் விசா கொடுத்தது. அங்கிருந்து ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெ வந்து, காவல் சாவடியைத் தாண்டி, மேற்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் மேற்கு பெர்லின். அங்கே அவர்களை நிறுத்திக் கடவுச்சீட்டு கேட்க யாரும் இல்லை. காரணம் அரசியல் சார்ந்தது. பெர்லின் முழுவதும் ஒரே நகரம், அதற்குள் இருக்கும் பகுதிக்கோடு ஒரு நாட்டெல்லை ஆகாது என்பது மேற்கத்திய நாடுகளின் நிலைப்பாடு. மேற்கு அங்கே சோதனைச் சாவடி அமைத்தால், அந்தக் கோட்டைத் தானே எல்லையென ஏற்றுக்கொண்டதாகிவிடும். கிழக்கு வெளியே விடும், மேற்கு தடுக்க இயலாது என்ற இந்த இடைவெளியில்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் ஐரோப்பிய வாழ்க்கை தொடங்கியது. குளிருக்கான உடுப்பு இல்லாமல், மொழி தெரியாமல், கையில் ஒரு முகவரியோடு அந்த நடைமேடையில் நின்றவர்கள், தாங்கள் நிற்பது உலகின் மிகக் கடுமையாகக் காவல் காக்கப்பட்ட நிலையங்களில் ஒன்று என்பதை அறிந்திருக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அது வந்துசேர்ந்த வாசல். மேற்கு ஜெர்மனியின் அழுத்தத்தால், 1985 ஜூலை முதல் மேற்கு ஜெர்மன் விசா இல்லாத தமிழர்களைக் கடந்துபோக விடுவதைக் கிழக்கு நிறுத்தியது. 1986 அக்டோபர் முதல் இதே கட்டுப்பாடு மற்ற நாட்டு அகதிகளுக்கும் வந்தது. ஒரு ரயில் நிலையத்தின் கதவு யாருக்காகத் திறக்கிறது, யாருக்காக மூடுகிறது என்பது இரண்டு அரசுகளின் பேச்சுவார்த்தைப் பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1989 நவம்பர் 9 இரவு எல்லை திறந்தபின் நடந்தவை, நான் தொடக்கத்தில் சொன்ன வேறுபாட்டின் பொருளைக் காட்டுகின்றன. யு8இன் யானோவிட்ஸ்புருக்கெ நிலையம் இரண்டே நாளில், நவம்பர் 11 அன்று, திறக்கப்பட்டது. 28 ஆண்டுகள் மூடியிருந்த ஒரு நிலத்தடி நிலையத்தை இரண்டு நாளில் திறக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஊடாக ரயில் ஒருநாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததுதான். தண்டவாளம் இருந்தது, மின்சாரம் இருந்தது, சைகை விளக்குகள் வேலை செய்தன. நடைமேடையைத் துப்புரவாக்கி, வாசலை அடைத்த சுவரை உடைத்து, கடவுச்சீட்டு பார்க்க ஒரு மேசை போட்டால் போதுமானதாக இருந்தது. டிசம்பர் 22 அன்று ரோசன்தாலர் பிளாட்ஸ் திறந்தது. 1990 ஏப்ரல் 12 அன்று பெர்னாவர் ஸ்ட்ராசெ திறந்தது. எல்லைச் சோதனைகள் முற்றாக நீங்கிய 1990 ஜூலை 1 அன்று யு6, யு8 தடங்களில் எஞ்சியிருந்த நிலையங்கள் எல்லாம் ஒரே நாளில் திறந்தன. எஸ்-பான் சுரங்கத்தில் மூன்று நிலையங்கள் அதே ஆண்டிலும், போட்ஸ்டாமர் பிளாட்ஸ் மட்டும் சீரமைப்புக்குப் பின் 1992 மார்ச்சிலும் பயன்பாட்டுக்கு வந்தன.

இதோடு யு2இன் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தடம் 1961இல் உண்மையாகவே வெட்டப்பட்டது. கிழக்கின் வண்டிகள் போட்ஸ்டாமர் பிளாட்ஸுக்கு முந்தைய நிலையத்தோடு திரும்பின. மேற்கில் எல்லையை ஒட்டிய பகுதிக்குப் பயணிகள் குறைந்ததால், 1972இல் அங்கும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. நோலன்டார்ஃப் பிளாட்ஸின் உயர்மட்ட நிலையம் பழைய பொருள் சந்தை ஆனது. அடுத்த பியூலோ ஸ்ட்ராசெ நிலையம் துருக்கியக் கடைவீதி ஆனது. இன்னும் கிழக்கே, அதே தடத்தின் வழியில் காந்த ரயில் ஒன்றைச் சோதனைக்காகக் கட்டினார்கள். 1989இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அந்தக் காந்த ரயிலை, யு2ஐ மீண்டும் இணைப்பதற்காக 1991இலேயே நிறுத்திப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. சந்தைகள் காலி செய்யப்பட்டு, தண்டவாளம் புதிதாகப் போடப்பட்டு, யு2 முழுத் தடமாக ஓடியது 1993 நவம்பர் 13 அன்று. ஒரே நகரம், ஒரே எல்லை, ஒரே அரசியல் மாற்றம். வண்டி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு நாள், வண்டி நின்றுபோன இடத்தில் நான்கு ஆண்டு. ஒரு நகரம் பயன்படாத நிலையத்தை என்ன செய்வது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பெர்லினுக்குப் போகிறவர்கள் இவற்றைக் காண விரும்பினால் எஸ்-பானின் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்துக்குப் போகலாம். பிரிவினைக் கால நிலையங்களைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி அங்கே நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே ஏறி வந்தால் சுவர் நினைவிடமும் அருகில்தான். பழைய நூல்களைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் பெயர்களில் கவனமாக இருக்க வேண்டும். பிரிவினைக் காலத்தில் யு6 தடத்திலும் நோர்ட்பான்ஹோஃப் என்ற பெயரில் ஒரு மூடிய நிலையம் இருந்தது, அது இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெயரைத் தாங்குகிறது. அன்று உன்டர் டென் லிண்டன் எனப்பட்ட எஸ்-பான் நிலையம் 2009 முதல் பிராண்டன்பர்க் வாயிலின் பெயரில் இருக்கிறது. உன்டர் டென் லிண்டன் என்ற பெயர் இன்று யு5ம் யு6ம் சந்திக்கும் வேறொரு புதிய நிலையத்துக்கு உரியது. அந்தப் புதிய நிலையம் 2020 டிசம்பர் 4 அன்று திறந்தபோது, அதற்கு மிக அருகிலிருந்த பிரான்ஸோசிஷெ ஸ்ட்ராசெ நிலையம், 1961 முதல் 1990 வரை மூடிக் கிடந்த அதே நிலையம், இரண்டாம் முறையாக மூடப்பட்டது. இம்முறை காரணம், இரண்டு நிலையங்கள் அவ்வளவு நெருக்கத்தில் தேவையில்லை என்பது மட்டுமே. யு6 ரயில்கள் இன்றும் அதன் ஊடாக நிற்காமல் ஓடுகின்றன.